சிறிய நாய் நொண்டினால்: வலி எங்கே என்று கண்டுபிடிப்பதும் வீட்டில் செய்ய வேண்டியதும்

ஐந்து கிலோ நாய்க்கு மூட்டு வலி வந்தால் அது வெளியே தெரிய நாளாகும். உடல் லேசு என்பதால் மூன்று காலிலேயே ஓடிச் சமாளித்துவிடும். ஏற முடியாத இடத்தில் யாராவது தூக்கிவிடுவார்கள். நடக்க மறுத்தால் செல்லம் கொஞ்சுவதாக நினைத்துக் கையில் எடுத்துக்கொள்வார்கள். இப்படியே மாதங்கள் ஓடி, ஒரு நாள் குளிப்பாட்டும்போதுதான் ஒரு பக்கத் தொடை மெலிந்துபோயிருப்பது கைக்குத் தட்டுப்படும்.

'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். எட்டு வயது நாய் படியேற மறுக்கிறது என்றால் பாதத்திலோ முழங்காலிலோ இடுப்பிலோ முதுகிலோ ஏதோ ஒன்று வலிக்கிறது. எது என்று தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது, பயிற்சியும் கொடுக்க முடியாது. முழங்கால் சில்லு லேசாக நழுவும் நாய்க்கு நடைப்பயிற்சி நல்லது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கிய நாய்க்கு அதே நடைப்பயிற்சி பின்னங்கால்களையே முடக்கிவிடலாம்.

வலி காட்டும் சாடைகள்

கத்துவதும் முனகுவதும் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே பழக்கங்கள் மாறும். சோபாவுக்கு முன்னால் நின்று, தாவுவதற்கு முன் இரண்டு மூன்று முறை தயங்கும். எழுந்தவுடன் முதல் பத்து அடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். வெளிர்நிற ரோமமுள்ள நாய்களில் அந்த இடம் எச்சில் பட்டுச் செம்பழுப்பாகிவிடும். சீவும்போது இடுப்புப் பக்கம் சீப்பு போனால் திரும்பி முறைக்கும். வெயிலும் ஓட்டமும் இல்லாத நேரத்தில் மூச்சு வாங்கும். இரவில் படுத்த இடத்தை மாற்றி மாற்றிப் படுக்கும். மலம் கழிக்கும்போது குந்தி நிற்க முடியாமல் நடந்துகொண்டே கழிக்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், நொண்டாவிட்டாலும் பரிசோதனை தேவை.

நடையைப் படம் பிடியுங்கள்

மருத்துவமனையில் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்து காட்டிவிடும். வீட்டில் எடுத்த வீடியோ அங்கே பெரிய உதவி. சிறிய நாயின் கால்கள் வேகமாக ஓடுவதால் வெறும் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. போனில் ஸ்லோ மோஷன் வைத்து, போனை நாயின் முதுகு உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். வழுக்காத தரையில் ஏழெட்டு மீட்டர் தூரம், தளர்ந்த கயிற்றில், முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு முறை. மெதுநடை ஒன்று, சிறு ஓட்டம் ஒன்று. லேசான நொண்டல் சிறு ஓட்டத்தில்தான் நன்றாகத் தெரியும். உட்கார்ந்து எழுவதையும், தூங்கி எழுந்தவுடன் நடப்பதையும் சேர்த்து எடுங்கள்.

படத்தில் தலையைப் பாருங்கள். முன்காலில் வலி என்றால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். தலை தாழும் பக்கம்தான் வலி என்று பலரும் நல்ல காலைக் காட்டிவிடுவார்கள். பின்காலில் வலி என்றால், அந்தக் கால் ஊன்றும்போது அந்தப் பக்க இடுப்பு தூக்கிப் போடும். இரண்டு பின்காலிலும் வலி இருந்தால் நொண்டலே தெரியாது. முயல் போல இரண்டையும் சேர்த்து வைத்துக் குதிக்கும், எடையை முன்பக்கம் தள்ளி நிற்கும்.

கையால் தடவிப் பார்க்கும் முறை

எப்போதும் பாதத்திலிருந்து தொடங்குங்கள். மூட்டு வலி என்று நினைத்துக் கொண்டுவரும் நொண்டலில் ஒரு பங்கு, பிளந்த நகம், விரலிடுக்கில் ஏறிய முள், கெட்டியாகச் சிக்கிய ரோமம், உண்ணி ஆகியவைதான். ஒவ்வொரு விரலையும் விரித்து, உள்ளங்கால் மெத்தைகளுக்கு நடுவிலும் பாருங்கள். கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது தரையில் படாததால் தானாகத் தேயாது.

பாதம் சரி என்றால், நாயை நிற்க வைத்துப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு பக்கம் ஒல்லியாக இருந்தால் அந்தக் காலை நாய் வாரக்கணக்கில் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். மூட்டுகளைத் தொட்டு வீக்கமும் சூடும் இருக்கிறதா என்று இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பிறகு, வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மடக்கி அதன் மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும். அப்படியே விட்டு வைத்தாலோ, தாமதித்துத் திருப்பினாலோ கோளாறு நரம்பில் இருக்கலாம். அதை அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக் கையைப் பார்ப்பது, உடல் இறுகுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். வலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். சில்லைத் தள்ளிப் பார்ப்பதும் மூட்டை முறுக்கிப் பார்ப்பதும் உங்கள் வேலையல்ல.

எந்த நடை எதைக் காட்டுகிறது

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பின்காலைத் தூக்கி நாலைந்து அடி குதித்து, காலைப் பின்னுக்கு உதறி, எதுவும் நடக்காதது போல ஓடுகிறதா? அது பெரும்பாலும் முழங்கால் சில்லு நழுவல். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், சிறிய பூடில் வகைகளில் இது மிகச் சாதாரணம். தொடை எலும்பின் நுனியில் உள்ள பள்ளத்தில் தண்டவாளத்துச் சக்கரம் போல ஓட வேண்டிய சில்லு, பள்ளம் ஆழமில்லாததாலோ எலும்புகளின் வரிசை விலகியிருப்பதாலோ உட்பக்கமாக வெளியேறிவிடுகிறது. இதை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் கையால் தள்ளினால் நழுவும், விட்டவுடன் தானே திரும்பும். இரண்டாம் நிலையில் தானாகவே நழுவும், திரும்பும். மூன்றாம் நிலையில் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும், கையால் உள்ளே கொண்டுவரலாம். நான்காம் நிலையில் கையாலும் வராது. முதல் நிலை நாய்க்குப் பொதுவாக எடைக் கட்டுப்பாடும் தொடைத் தசையை வலுப்படுத்துவதும் போதும். மூன்றிலும் நான்கிலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்: பள்ளத்தை ஆழப்படுத்துவார்கள், சில்லுத் தசைநார் ஒட்டியிருக்கும் எலும்பு முனையை நகர்த்திப் பொருத்துவார்கள். இரண்டாம் நிலையில்தான் முடிவு கடினம். எத்தனை முறை நழுவுகிறது, வலிக்கிறதா, வயது என்ன என்பவற்றை வைத்து மருத்துவர் தீர்மானிப்பார். நழுவல்களை நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கு அப்போது உதவும். வளரும் குட்டியில் மூன்று நான்காம் நிலை இருந்தால் காத்திருக்காதீர்கள். எலும்பு வளைந்தே வளர்ந்துவிடும்.

ஆட்டம் போட வேண்டிய ஆறேழு மாதக் குட்டி ஒரு பின்காலில் படிப்படியாக நொண்டி, தொடை வற்றி, காலைப் பின்னுக்கு இழுத்தால் கத்துகிறதா? இடுப்பு மூட்டின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் எலும்பு மடிந்துபோகும் லெக்-கால்வே-பெர்தஸ் நோயாக இருக்கலாம். சிறிய இனங்களில், பொதுவாக ஒரு வயதுக்குள் தலைகாட்டும். எக்ஸ்ரேயில் தெரியும். ஓய்வு மட்டும் கொடுத்து இது சரியாவது அபூர்வம். பந்துமுனையை வெட்டி எடுப்பதே வழக்கமான தீர்வு. கேட்கப் பயமாக இருந்தாலும், எடை குறைந்த நாய்களுக்கு அந்த இடத்தைத் தசையும் தழும்பும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அறுவைக்குப் பிறகு சீக்கிரமே காலை ஊன்ற வைக்க வேண்டும். பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டே திரிந்தால் தசை இறுகி, மூட்டு மடங்காமல் போய்விடும்.

நடுத்தர வயதுக்கு மேல் திடீரென்று ஒரு பின்காலை ஊன்றாமல் நின்று, உட்காரும்போது அந்தக் காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்தால், முழங்காலுக்குள் உள்ள சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டில் நீர் கோத்திருப்பதும், மயக்க நிலையில் மருத்துவர் கையால் எலும்பை அசைத்துப் பார்ப்பதும்தான் அடையாளம். எடை குறைந்த சில நாய்கள் அறுவையில்லாமல் சில மாதங்களில் ஓரளவு தேறுகின்றன. ஆனால் மூட்டு ஆட்டம் கண்டபடியே இருப்பதால் தேய்மானம் வேகமாக வரும். மறுகாலின் தசைநாரும் பின்னால் அறுந்துபோவது உண்டு.

பல மூட்டுகள் ஒரே நேரத்தில் வீங்கி, முள்மேல் நடப்பது போல நடந்து, காய்ச்சலும் இருந்தால் அது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயாகவோ உண்ணிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். நாயின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 39.5-ஐத் தாண்டினால் அன்றே பாருங்கள்.

முதுகை வளைத்து, வயிற்றை எக்கி, தூக்கும்போது வீறிட்டுக் கத்தினால் முதுகெலும்பு வட்டுக் கோளாறாக இருக்கலாம். டாஷ்ஹண்ட், பெக்கிங்கீஸ், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக், பீகிள் போன்ற குட்டைக்கால் உடல்வாகு உள்ள இனங்களில் வட்டின் உள்ளே இருக்கும் கூழ் இளவயதிலேயே கெட்டிப்படத் தொடங்கி, மூன்று முதல் ஏழு வயதுக்குள் வெடித்துத் தண்டுவடத்தை அழுத்துவது அதிகம். இந்த ஒரு கோளாறில்தான் மணிக்கணக்கு முக்கியம். பின்னங்கால்கள் தள்ளாடினாலோ, பாதம் மடங்கி இழுபட்டாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ இரவானாலும் கிளம்புங்கள். நாயைப் பலகையிலோ தட்டையான அடிப்பாகமுள்ள பெட்டியிலோ படுக்க வைத்து, துண்டைச் சுருட்டி இருபக்கமும் முட்டுக்கொடுத்துக் கொண்டுபோங்கள். நீவிவிடக் கூடாது, எண்ணெய் தடவிப் பிடித்துவிடக் கூடாது. பின்பாத விரலை அழுத்தினாலும் நாய் வலியே உணராத நிலைக்குப் போய்விட்டால் மீளும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும்.

வலி மட்டும் இருந்து நடை சரியாக இருந்தால் மருத்துவர் கூண்டு ஓய்வு சொல்லலாம். குறைந்தது நான்கு வாரம். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு. மலஜலத்துக்குத் தூக்கிக் கொண்டுபோய், கயிற்றில் பிடித்தபடி இறக்கி, முடிந்தவுடன் திரும்பக் கூண்டு. இது தோற்றுப்போவது ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரிதான்: வலி மாத்திரையால் ஐந்தாம் நாள் நாய் உற்சாகமாகிவிடும், வீட்டார் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள், அது சோபாவில் தாவும். வலி போனதால் வட்டு ஆறிவிட்டதாகிவிடாது.

தலையைத் தாழ்த்தியே வைத்து, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால் கழுத்தில் வலி. கழுத்துப் பட்டையை உடனே கழற்றிவிட்டு மார்புப் பட்டைக்கு மாறுங்கள். உண்மையில் எல்லாச் சிறிய நாய்க்கும் மார்புப் பட்டைதான் சரி. கழுத்தோடு மூச்சுக்குழலும் தப்பிக்கும்.

மாத்திரை விஷயத்தில்

வீட்டில் இருக்கும் மனித வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்று ஐந்து கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 100 மி.கி. ஆகிவிடும். அது கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை குடலில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

நாய்க்கென்று உள்ள மெலாக்சிகம், கார்புரோஃபென் போன்றவை நன்றாக வேலை செய்யும். ஆனால் சிறிய நாயில் அளவு தவறுவது எளிது. நாய்களுக்கான மெலாக்சிகம் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மி.கி. என்றும் 1.5 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. பாட்டில் மாறினால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள், கூடவே வரும் சிரிஞ்சில் மட்டும் அளந்து, சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டும் இவ்வகை மருந்தும் ஒன்றாகப் போகக் கூடாது. வேறு மருத்துவரிடம் போனால் கடந்த இரண்டு வாரத்தில் கொடுத்த எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீண்ட நாள் கொடுப்பதாக இருந்தால் சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனையை முன்பே செய்து, அவ்வப்போது திரும்பவும் செய்ய வேண்டும்.

நரம்பு வலிக்குக் கபாபென்டின் எழுதினால், மனிதருக்கான திரவ வடிவத்தை வாங்காதீர்கள். அதில் சைலிட்டால் இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம். மாதம் ஒரு முறை போடும் பெடின்வெட்மாப் ஊசி மூட்டுத் தேய்மான வலிக்கானது. தள்ளாட்டமும் பிற நரம்புப் பக்கவிளைவுகளும் சில நாய்களில் பதிவாகியிருப்பதால், ஊசிக்கு முன்பே முதுகில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம். மீன் எண்ணெய்க்குக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எண்ணெயின் அளவைப் பார்க்காமல் அதில் உள்ள இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் எத்தனை மி.கி. என்று பாருங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறிவிடும்.

எடை

மூட்டுத் தேய்மானத்துக்கு எடைக் குறைப்பை மிஞ்சிய வைத்தியம் கிடையாது. ஆறு கிலோ நாய் ஐந்து கிலோ இருக்க வேண்டியது என்றால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை. விலாவில் விரலை வைத்தால் அழுத்தாமலேயே எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். அடர்ந்த ரோமம் கண்ணை ஏமாற்றும், கையை நம்புங்கள்.

இருக்க வேண்டிய எடைக்குத் தக்க ஓய்வுநிலைக் கலோரியை, அதாவது சும்மா படுத்திருந்தாலும் உடலுக்குத் தேவைப்படும் கலோரியைக் கணக்கிட்டுக் கொடுப்பது வழக்கமான முறை. மூன்று கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 160 கிலோகலோரி, ஐந்து கிலோவுக்கு 235, எட்டு கிலோவுக்கு 333. நூறு கிராமில் 370 கிலோகலோரி உள்ள உலர் உணவு என்றால் ஐந்து கிலோ இலக்குக்கு அறுபது கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கப்பால் அளந்தால் ஒவ்வொரு முறையும் மாறும். சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அதுவும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கட்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது சரியான வேகம். ஆறு கிலோ நாயில் அது வெறும் 60 முதல் 120 கிராம் என்பதால், மனிதர் எடை பார்க்கும் கருவியில் தெரியவே தெரியாது. குழந்தை எடை பார்க்கும் கருவியில் நிறுத்துப் பாருங்கள்.

தரை, நகம், சாய்தளம்

வழவழப்பான தரையில் கால் அகன்று சறுக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கும் மூட்டு திரும்ப இழுபடுகிறது. படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், கதவு இவற்றை இணைக்கும் வழியில் அடியில் ரப்பர் ஒட்டிய நீள விரிப்பைப் போடுங்கள். தனித்தனித் துண்டு விரிப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் நாய் தாவும், அங்கேயே வழுக்கும். பாத மெத்தைகளுக்கு நடுவில் வளரும் ரோமத்தை மெத்தை மட்டத்துக்குக் கத்தரியுங்கள். நடக்கும்போது நகம் 'டக் டக்' என்று தரையில் தட்டினால் நீளம் அதிகம். ஒரே நாளில் குறைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓரிரு மில்லிமீட்டர் வெட்டினால் உள்ளே இருக்கும் ரத்தநாளமும் பின்வாங்கும்.

சோபாவுக்கும் கட்டிலுக்கும் படிக்கட்டை விடச் சாய்தளம் நல்லது, முதுகுக் கோளாறு உள்ள நாய்க்குக் கண்டிப்பாக. நீளம், ஏற வேண்டிய உயரத்தைப் போல மூன்று மடங்கு: 45 செ.மீ. சோபாவுக்கு 135 செ.மீ. பலகை. இது சுமார் இருபது டிகிரி சரிவு. முதுகு பலவீனம் என்றால் நான்கு மடங்கு வையுங்கள். அகலம் 35 செ.மீ., ஓரங்களில் 5 செ.மீ. உயரத்துக்குத் தடுப்பு, மேலே சொரசொரப்பான விரிப்பு, தரையில் நகராமல் இருக்க அடியில் ரப்பர். கடைகளில் விற்பவை பெரும்பாலும் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும், அதனாலேயே நாய் பக்கத்தில் தாவி இறங்கிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டு அதன்மேல் நடக்க வையுங்கள். பிறகு ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழக்க நாளாகும்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பாகத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. முன்கால் இடுக்கில் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்கினால் உடலின் முழு எடையும் முதுகில் தொங்கும். இறக்கும்போது நான்கு காலும் தரையைத் தொட்ட பிறகே கையை விடுங்கள். கடைசி ஒரு சாண் உயரத்தில் துள்ளிக் குதிப்பதில்தான் பலவற்றுக்கும் அடிபடுகிறது.

நடையும் பயிற்சியும்

மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகுதான் இது. அரை மணி நேரம் ஒரே முறை நடப்பதைவிடப் பத்து நிமிடம் மூன்று முறை நல்லது. பந்து எறிந்து ஓட விடுவதை நிறுத்திவிடுங்கள். வேகத்தில் சட்டென்று திரும்பும்போதுதான் சில்லும் தசைநாரும் சிக்கும். அளவு சரியா என்பதை மறுநாள் காலை சொல்லிவிடும். வழக்கத்தைவிட விறைப்பாக எழுந்தால் நேற்றைய நடை அதிகம், பாதியாகக் குறையுங்கள். சரியாக இருந்தால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள்.

வலி கட்டுக்குள் வந்ததும் தொடைக்கு மிக நல்ல பயிற்சி உட்கார்ந்து எழுவது. வழுக்காத விரிப்பில், கால் ஒரு பக்கம் சாயாமல் நேராக உட்கார வைத்து, மூக்குக்கு முன்னால் தின்பண்டத்தை நகர்த்தி எழ வையுங்கள். ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. நேராக உட்கார முடியவில்லை என்றால் தாழ்வான மெத்தைமேல் உட்கார வையுங்கள், மூட்டு குறைவாக மடங்கும். அடுத்தது, தரையில் நாலைந்து மெல்லிய குச்சிகளை நாயின் உடல் நீளத்துக்கு இடைவெளி விட்டு அடுக்கி, மெதுவாகத் தாண்டி நடக்க வைப்பது. உயரம் 3 செ.மீ. போதும். குதித்துத் தாண்டினால் வேகம் அதிகம் அல்லது குச்சி உயரம் அதிகம்.

பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான ஒத்தடம் பத்து நிமிடம் விறைப்பைத் தளர்த்தும். உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே வையுங்கள். புதிதாக வீங்கிய மூட்டுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சூடு ஆகாது, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம்தான்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எடை, தொடையின் ஒரே இடத்தில் தையல் டேப்பால் எடுத்த சுற்றளவு இருபக்கமும், எத்தனை முறை காலைத் தூக்கிக் குதித்தது, எதைச் செய்யத் தயங்கியது. கூடவே அதே இடத்தில் எடுத்த பத்து வினாடி வீடியோ. நான்கு வாரத்தில் இவற்றில் எதுவும் மாறவில்லை என்றால் நோட்டோடு திரும்பப் போய், மருந்தைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், வலி வேறு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் என்று வைத்தியம் பார்த்த நாயின் வலி முதுகில் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். வட்டும் தண்டுவடமும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.